முகாமில் பெயர்ப் பட்டியல் கேட்கிறார்கள்: பதில்

வணக்கங்க. திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்கள் எச்ஐவி பரிசோதனை முகாமில் கையெழுத்துத் தாளைப் பார்த்ததும் திரும்பிடறாங்க, நிதி தந்தவங்களோ பெயர்ப் பட்டியல் இல்லாம அடுத்த தவணை கிடையாதுங்கறாங்கன்னு கேட்டிருந்தீங்க.

பட்டியலைக் கொடுத்துடாதீங்க. எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாம ஒருத்தரோட எச்ஐவி நிலையை வெளியே சொல்ல 2017 எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் விடாது. முடிவு எழுதாத வருகைத் தாள் வெளியே போனாலும் அந்தப் பெண்ணுக்கு கம்பெனியில பேர் கெட்டுடும்.

ஆளுக்கொரு குறியீட்டு எண் போடுங்க. சம்மதப் படிவம் உங்க அலமாரியில், பூட்டி. நிதியாளருக்கு எண், வயதுப் பிரிவு, பரிசோதனை நடந்ததா என்பது மட்டும் போதும். அவங்க தேடறது செலவுக்கான ஆதாரம்; அதுக்குப் பரிசோதனைக் கிட் இருப்புப் பதிவேடு இருக்கு. பயன்படுத்தினது, வீணானது, மீதி மூணும் கூட்டினா வாங்கின எண்ணிக்கை வரணும், பேட்ச் எண்ணோட. இந்த முறையை முகாமுக்கு முன்னாடியே கடிதம் எழுதி ஒப்புதல் வாங்குங்க.

முகாமைக் கம்பெனி வளாகத்துல வைக்காதீங்க, சூப்பர்வைசர் கண்ணுல படும். ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு இரவு எட்டரைக்கு யாரும் நிக்க மாட்டாங்க. ஞாயிறு, குடியிருப்புப் பக்கம் நல்லது. சர்க்கரை, ரத்த அழுத்தமும் சேர்த்துப் பாருங்க, எதுக்கு வரிசைன்னு பாக்கறவங்களுக்குத் தெரியாது.

விரல் நுனிச் சோதனையில் பாசிட்டிவ்னா அது இறுதி முடிவு இல்லை. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்கு (எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆள் துணையோட அனுப்புங்க, அங்கே இலவசமா உறுதிப்படுத்துவாங்க.