சினாட்ராவின் 1943 பாடல்கள்: கோப்பில் பழுதில்லை

நண்பரே, அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் 1943 பாடல்களில் வாத்தியமே கேட்கவில்லை, பின்னால் கோரஸ் மட்டும் வருகிறது, கோப்பு பழுதா என்று கேட்டிருந்தீர்கள். பழுதெல்லாம் இல்லை, அழித்துவிடாதீர்கள்.

1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் இசைத்தட்டுகளுக்கு வாசிக்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தது. தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ. வானொலியிலும், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸிலும் தட்டு சுழலச் சுழல, நேரில் வாசிப்பவர்களின் பிழைப்பு போகிறதே என்பது அவர்கள் ஆதங்கம். நியாயமான ஆதங்கம்தான். பாடகர்களுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் சினாட்ராவைப் பாடவைத்து, சாக்ஸபோனும் வயலினும் வரவேண்டிய இடத்தை மனிதக் குரல்களால் நிரப்பியது. இன்னொரு இசைத்தட்டு நிறுவனமான டெக்கா 1943 செப்டம்பரில் சங்கத்தோடு உடன்பட்டு இறங்கிவந்தது; கொலம்பியாவும் ஆர்சிஏ விக்டரும் 1944 நவம்பரில்தான்.

அந்தக் காலத்து முழு இசைக்குழு வேண்டுமென்றால் ‘வி-டிஸ்க்’ என்று தேடுங்கள். படைவீரர்களுக்காகவே அச்சிட்டவை, விற்பனைக்கு இல்லை. அதனால் சங்கமும் சம்மதித்தது. 12 அங்குலத் தட்டு என்பதால் ஒரு பக்கம் ஆறு நிமிடம் வரை ஓடும். கடையில் விற்ற 10 அங்குலத் தட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தக் கூடுதல் நேரத்தில் தனி வாசிப்பு எவ்வளவு நிதானமாக விரிகிறது என்று கேட்டுப் பாருங்கள்!

பெண் குரல் வேண்டுமென்றால் பாடகி ஹெலன் ஃபாரஸ்ட். ஹாரி ஜேம்ஸின் இசைக்குழுவோடு தடைக்கு முந்தைய நாள், 1942 ஜூலை 31 அன்று அவர் பாடிப் பதிவானதிலிருந்தே தொடங்குங்கள். ஹெட்ஃபோனில், இரவில்.