ஓடிடி சந்தா கட்டுகிறவர்களே ஏன் மறுபடியும் திருட்டுப் பிரதிக்குப் போகிறார்கள்?

காசு இல்லாததால் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். எனக்குத் தெரிந்து டெலிகிராமில் படம் இறக்குகிற பலர், மாதாமாதம் ஒன்றிரண்டு ஓடிடிக்குப் பணமும் கட்டுகிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் மொபைல் சந்தாவை 199 ரூபாயிலிருந்து 149க்குக் குறைத்தது. அதனால் திருட்டுத் தளங்கள் ஈ ஓட்டவில்லையே!

பாட்டு விஷயத்தைப் பாருங்கள். எம்பி3 இறக்கி பென்டிரைவில் ஏற்றாத ஆள் ஒரு காலத்தில் கிடையாது. இன்று அந்த வேலையை யார் செய்கிறார்கள்? ஸ்பாட்டிஃபையோ யூடியூப் மியூசிக்கோ, எதைத் திறந்தாலும் ஏறக்குறைய எல்லாப் பாட்டும் இருக்கிறது. படம் அப்படியில்லை. ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் கையில். அதுவும் எத்தனை நாளைக்கு என்று பணம் கட்டியவனுக்குத் தெரியாது.

அமெரிக்க சேனலான எச்பிஓவின் தொடர்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். 2023 மார்ச் 31ஓடு ஹாட்ஸ்டாரை விட்டுப் போயின. கொஞ்ச நாளில் ஜியோசினிமாவில் வந்தன, அதற்கு வருடம் 999 ரூபாய். 2025 பிப்ரவரியில் இரண்டும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆனது. சுற்றிச் சுற்றிப் பழைய வீட்டுக்கே வந்தாயிற்று. நடுவில் இவற்றுக்காகவே ஹாட்ஸ்டாரில் வருடச் சந்தா கட்டியிருந்தவர் கதி?

விளம்பரம் இன்னொரு எரிச்சல். அமேசான் பிரைம் வருடச் சந்தா 2021 கடைசியில் 999லிருந்து 1499 ஆனது. 2025 ஜூனிலிருந்து அதற்குள்ளேயே விளம்பரமும் வருகிறது. வேண்டாம் என்றால் வருடத்துக்கு இன்னொரு 699.

எங்கள் வீட்டில் அப்பா எண்பதுகளில் வந்த ஒரு படத்தைக் கேட்டார். ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தேடியதில் ஒரு செயலியில் இல்லை, இன்னொன்றில் இருந்தது, ஆனால் சந்தா போக வாடகை தனியாம். நான் அதையே யோசித்துக்கொண்டிருக்கையில் மைத்துனர் போனிலிருந்து டிவிக்குப் படத்தை அனுப்பிவிட்டார். அப்பாவுக்கு எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் கவலையில்லை.

இதை வைத்து எல்லாத் திருட்டையும் நியாயப்படுத்த மாட்டேன். முதல் நாளே தியேட்டரில் கேமராவைத் தூக்கிப் பிடிக்கிறவர்மேல் எனக்கு இரக்கமே கிடையாது. திரைப்படச் சட்டத்தின் 2023 திருத்தப்படி அதற்கு மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, குறைந்தது 3 லட்சம் அபராதம். சரியான தண்டனைதான். ஆனால் பணம் கட்டத் தயாராக இருப்பவரைத் துரத்திவிடுவது எந்தச் சட்டத்தாலும் தீராத வேறு பிரச்சினை.

நான் வருடச் சந்தாவை விட்டுவிட்டேன். ஒரு நேரத்துக்கு ஒரே ஓடிடி, அதுவும் மாதக் கணக்கில். பார்க்க வேண்டியதைப் பார்த்ததும் அடுத்ததற்கு மாறிவிடுவேன். மாதாமாதம் தானாகவே பணம் எடுக்கிற ஆட்டோபேயை மட்டும் கட்டிய அன்றே ரத்து செய்துவிடுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் அடுத்த மாதக் காசும் போய்விடும்.