மைட்டோகாண்ட்ரியா புரதங்களை ஆராய ஏன் மாஸ் (moss, ஈரமான இடங்களில் பச்சைப் படலமாக வளரும் சிறு செடி)?

முக்கியக் காரணம், நினைத்த ஜீனை நீக்குவது இதில் எளிது. பிஸ்கோமிட்ரியம் பேட்டன்ஸ் என்ற மாஸ், நாம் கொடுக்கும் டிஎன்ஏவைத் தன் ஜீனோமில் சரியான இடத்திலேயே சேர்த்துக்கொள்ளும். இந்த மாஸின் பச்சை இழைகளில் குரோமோசோம் ஒரே தொகுப்புதான். அதனால் ஜீன் போனால் விளைவு உடனே தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது பிபிஆர் (PPR) புரதங்கள், அதாவது ஆர்என்ஏவைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதக் குடும்பம். இவற்றில் சில, மைட்டோகாண்ட்ரியா ஆர்என்ஏவில் குறிப்பிட்ட இடத்தைக் கண்டுபிடித்து, சி எழுத்தை யு ஆக்குகின்றன. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் அராபிடாப்சிஸ் செடியில் இப்படித் திருத்தப்படும் இடங்கள் நூற்றுக்கணக்கில். இந்த மாஸில் வெறும் 11. அப்புறம் என்ன, எந்தப் புரதம் எந்த இடத்தைத் திருத்துகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்துவிடலாம். பிபிஆர்56 என்ற புரதத்துக்கு இரண்டு இடங்கள்: நாட்3 (nad3), நாட்4 (nad4) என்ற மைட்டோகாண்ட்ரியா ஜீன்களின் ஆர்என்ஏவில். அதை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தாலும், இலக்கு வரிசையைக் கூடவே கொடுத்தால், அங்கேயும் திருத்துகிறது!