அம்மா உடன் வராவிட்டாலும் ஊழியத்துக்குப் போகலாமா?

யாங்கோனில் இந்துவாகவே வாழும் அம்மாவை விட்டு, மியான்மரின் ஷான் மாநிலத்துக்குக் கிறிஸ்தவ ஊழியம் செய்யப் போவது பாவமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. ஆகாது. அம்மாவின் கண்ணீர் தேவன் உங்களுக்குத் தந்த அழைப்பைப் பொய்யாக்கிவிடாது.

உங்கள் ஊரின் வரலாற்றையே பாருங்கள். அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சன், தாம் மணக்க விரும்பிய ஆன் என்ற பெண்ணின் தந்தைக்குக் கடிதம் எழுதினார்: மகளை இந்த உலகில் இனிமேல் பார்க்க முடியாமலே போகலாம், சம்மதமா என்று. எந்த ஆபத்தையும் அவர் மறைக்கவில்லை. 1813-இல் இருவரும் ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், இறங்கினார்கள். ஜட்சன் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது 1845-இல்தான். அதற்குள் அவருடைய தாய், தந்தை இருவருமே இறந்துவிட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கனத்துப்போகிறது. நீங்களும் அப்படி ஒளிவுமறைவின்றிப் பேசுங்கள். எங்கே தங்குவீர்கள், எத்தனை காலம், என்ன வருமானம், எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

தம்மைவிடப் பெற்றோரை அதிகம் நேசிக்கிறவர்களைப் பற்றி இயேசு கடுமையாகப் பேசினார், உண்மைதான். அதே இயேசு, காணிக்கையைக் காரணம் காட்டிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை மாற்கு 7-இல் கண்டித்தார். சிலுவையில் தொங்கியபடியே தம் தாயைச் சீடனிடம் ஒப்படைத்தார். ஆகவே அம்மாவின் வாடகைக்கும் மருந்துக்கும் வழி செய்யாமல் கிளம்பாதீர்கள். அவர் கோயிலுக்குப் போவதைச் சொல்லிக்காட்டி, அனுப்பும் பணத்துக்கு நிபந்தனை வைக்காதீர்கள். ஞானஸ்நானம் பெறும்படி வற்புறுத்தவும் வேண்டாம்; முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற ஜட்சனே 1819 வரை காத்திருந்தார். அம்மாவுக்கு நம்பிக்கையான பக்கத்து வீட்டார் ஒருவரிடம் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.