தறிச்சத்தமும் அப்பாவின் பிரஷரும்

அன்புள்ள அக்கா,

பள்ளிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 52 வயது. சின்ன வயசிலிருந்தே விசைத்தறிதான் ஓட்டுகிறார். 12 மணி நேர ஷிப்ட், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. அம்மாவும் அதே பட்டறையில் தார் போடுகிறார், அதாவது தறிக்கு வேண்டிய ஊடை நூலைச் சுற்றித் தருகிறார். போன மாதம் அப்பா தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார், பார்த்தால் பிரஷர் 170/100. டாக்டர் மாத்திரை கொடுத்து உப்பைக் குறைக்கச் சொன்னார். தறிச்சத்தத்தாலும் பிரஷர் வரும் என்று எங்கோ படித்தேன். அப்பாவிடம் சொன்னால், "அதெல்லாம் எப்பவோ பழகிப்போச்சு சாமி" என்கிறார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

முதலில் மாத்திரையை நிறுத்தவிடாதீர்கள். தலைசுற்றல் போனதும் மாத்திரையையும் தூக்கிப் போட்டுவிடுவது நம் ஊரில் சகஜம். உப்பைப் பற்றி டாக்டர் சொன்னதும் சரிதான்.

நீங்கள் படித்ததும் சரி. அப்பாவுக்குச் சத்தம் பழகிப்போனதும் உண்மையாகத்தான் இருக்கும், ஆனால் பழகியது மனசுக்கு மட்டும். பலத்த சத்தம் காதில் விழுந்தால், நாம் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும், தூங்கினாலும்கூட, மூளை அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலினும் கார்டிசோலும் ஏறுகின்றன, நாடி வேகமாகிறது, ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. தெருவில் ஒரு வெடி வெடித்தால் சற்று நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். தறியில் ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிபட்டு ஓடுகிறது, அதுவும் கூடம் முழுக்க அத்தனை தறியிலும், தகரக் கூரைக்குக் கீழே, ஷிப்ட் முடியும்வரை. அடங்குவதற்கு உடம்புக்கு எங்கே நேரம்? இப்படி வருஷக்கணக்காக இறுகியே இருக்கும் குழாயில்தான் பிரஷர் நிலைத்துவிடுகிறது.

நாடாத் தறி ஓடும் கூடத்தில் 95, 100 டெசிபெல் சாதாரணம். எண்ணாகப் பார்த்தால் 85-க்கும் 100-க்கும் பெரிய வித்தியாசம் இல்லாததுபோல இருக்கும், ஆனால் மூன்று டெசிபெல் ஏறினாலே சத்தத்தின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். நியோஷ் என்ற அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபெலில் 8 மணி நேரம் இருக்கலாம், 88-இல் 4 மணி நேரம், 100-இல் வெறும் 15 நிமிடம். அப்பா தறியைப் போட்டுவிட்டு முதல் டீ குடிப்பதற்குள் அந்த நாளைய அளவு தீர்ந்துவிடுகிறது.

அதே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கத் தொழிலாளர்களின் ரத்தக்கொதிப்பில் சுமார் 14 சதவீதத்துக்கு வேலையிடச் சத்தம் காரணமாக இருக்கலாம் என்கிறது. மாரடைப்பைப் பொறுத்தவரை ஆதாரம் இன்னும் அவ்வளவு உறுதியாக இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கணக்கில் ராத்திரி ஷிப்டும், புழுக்கமும், பீடி பிடிப்பவர் என்றால் அதுவும் சேரும். ஆனால் உப்பைப் பற்றிக் கேட்கிற டாக்டர்கள் தறியைப் பற்றிக் கேட்பதில்லை, என் ஆதங்கம் அதுதான். சட்டமும் காதோடு நின்றுவிட்டது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் சத்தத்தால் காது கேளாமல் போவது இருந்தது, பிரஷர் இல்லை. அதுவும் கரண்டில் ஓடும் பட்டறையில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் உள்ளேயே வந்தது. வீட்டோடு ஒட்டி எட்டுத் தறி போட்டவரிடம் யார் போய்க் கேட்பது?

சரி, என்ன செய்யலாம்? காதில் பஞ்சு வைத்துக்கொள்வதால் பெரிய பயன் இல்லை. மெடிக்கலில் நுரை அடைப்பான் கிடைக்கும், விலை அதிகமில்லை. அதை விரலால் மெல்லிசாக உருட்டி, இன்னொரு கையால் காதை மேலே பின்பக்கமாக இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரிந்து அடைக்கும்வரை விரலை எடுக்காமல் இருக்கவேண்டும். அவசரமாகச் செருகினால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. தறியின் ஓசையை வைத்தே கோளாறைக் கண்டுபிடிப்பவர்கள், இதைப் போட்டால் ஒன்றும் கேட்காது என்று மறுப்பார்கள். தறிச்சத்தம் குறைந்துதான் கேட்கும், நின்றுபோகாது. ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டறைக்காரர் பேச்சுக் கேட்பவர் என்றால், நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர் தேய்ந்திருந்தால் மாற்றவும் லொடலொடக்கும் போல்ட்டுகளை இறுக்கவும் தறிக்காலுக்கு அடியில் ரப்பர் வைக்கவும் மேஸ்திரியிடம் சொல்லலாம், தறிக்கும் அது நல்லதுதான். உண்மையில் சத்தத்தை அது பிறக்கிற இடத்திலேயே குறைப்பது முதலாளியின் பொறுப்பு, அதைத் தொழிலாளியின் காதில் கட்டிவிடுவது நியாயமில்லை.

அப்புறம், ஷிப்ட் முடிந்த கையோடு பிரஷர் பார்த்தால் ஏறித்தான் காட்டும். லீவு நாளில் காலையில், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்தபின் ஒரு தடவை, வேலை முடிந்து வந்ததும் ஒரு தடவை பாருங்கள். இரண்டையும் தேதியோடு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள், எத்தனை வருஷமாகத் தறியில் நிற்கிறார் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரையும் தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அம்மாவும் அதே கூடத்தில்தானே உட்கார்ந்து தார் போடுகிறார்? அவருடைய பிரஷரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே. இந்த வாரமே அவருக்கும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.