"அப்பா, சிங்கத்துக்குப் பயந்தீங்களோ?"

அன்புள்ள அக்காவுக்கு,

மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் லண்டன் ஹரோவில் இருக்கிறேன். வயது 41. போன பாடசாலை விடுமுறையில் லோங்லீட் மிருகப் பூங்காவுக்குப் போனோம். சொந்தக் காரிலேயே மிருகங்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போகலாம். ஆபிரிக்காவுக்கு வெளியே இப்படியொரு பூங்கா முதன்முதலில் அங்கேதான் 1966இல் திறந்தது என்று மகன் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். அவனுக்கு 11 வயது. குரங்குப் பகுதியில் ஒன்று பொனட்டில் ஏறி வைப்பரைப் பிடித்து இழுத்தது. பிள்ளைகள் மாலுபணிசை (மீன் பணிஸ்) கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிங்கப் பகுதியில் கண்ணாடிகளை முழுதாக ஏற்றிவிட வேண்டும். கேட்டைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் முன்னால் போன கார்கள் நின்றுவிட்டன. ஏதோ சிங்கம் றோட்டோரம் படுத்திருந்ததாம். பின்னாலும் கார்கள். ஜீப்புக்குள் இருந்து காவலர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை தூறியது, கண்ணாடியில் ஆவி படிந்தது. திடீரென்று எனக்கு மூச்சு வரவில்லை. நெஞ்சு அடித்த அடியில் கை விறைத்துப் போயிற்று. என்ன செய்கிறேன் என்றே தெரியாமல் கண்ணாடியை இறக்கிவிட்டேன். மனைவி கத்தின பிறகுதான் ஏற்றினேன். சில விநாடிகள்தான். ஜீப் ஹோர்ன் அடித்தபடி பக்கத்தில் வந்து நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

"பிள்ளையளை வைச்சுக்கொண்டு என்ன வேலை பாத்தனீங்கள்?" என்று இரவில் மனைவி கேட்டா. மகன், "அப்பா, சிங்கத்துக்குப் பயந்தீங்களோ?" என்றான். ஓம் என்று சொல்லிவிட்டேன். அது பொய். அந்த நேரம் சிங்கம் என் கண்ணில் படவே இல்லை. யாழ்ப்பாணத்து நாவற்குழிப் பாலம்தான் தெரிந்தது. 1995 ஒக்ரோபர் 30, சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, முன்னுக்குப் போகவும் ஏலாமல் பின்னுக்கு வரவும் ஏலாமல் மழைக்குள் நின்றோம். அம்மம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். எனக்கு அப்போது 11 வயது.

இதை மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. பிள்ளைகளிடம் சொல்லலாமா? இப்போது மோட்டர்வேயில் ஏறவே பயமாக இருக்கிறது.

— ஹரோ வாசகர்

அன்புள்ள தம்பி,

11 என்ற எண் உங்கள் கடிதத்தில் இரண்டு தரம் வருகிறது. தாங்கள் அடிபட்ட வயதைத் தங்கள் பிள்ளை எட்டும்போது பழைய காயம் கிளம்புவதை நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். அதுவரை வேலை, வீட்டுக் கடன் என்று ஓடியிருப்பார்கள். அந்த வயது எவ்வளவு சின்னது என்பது பிள்ளையின் முகத்தைப் பார்க்கும்போதுதான் விளங்கும்.

நகராத வரிசை, மழை, அடைத்த கண்ணாடி, ஜீப்பில் காவல். அன்றைய பாலத்தையும் இன்றைய றோட்டையும் உங்கள் உடம்பு பிரித்துப் பார்க்கவில்லை. ஆபத்து என்று அது முடிவெடுத்ததும் அட்ரினலின் பாய்ந்தது, மூச்சு முட்டியது, காற்றைத் தேடிக் கை போயிற்று. இது பொறுப்பில்லாத தகப்பனின் செயல் இல்லை. ஆனாலும் உங்கள் மனைவியின் கோபம் நியாயமானது. அவ கண்டது திறந்த கண்ணாடியையும் சிங்கங்களையும் மட்டும்தான். பாலத்தை நீங்கள் அவவுக்குக் காட்டவே இல்லையே. ஆகவே முதலில் அவவிடம் சொல்லுங்கள்.

பிறகு மகனிடமும் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனிமனிதரோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குவதைப் பல ஆண்டுகளாக எழுதிவந்தவர். நீங்கள் மௌனமாக இருந்தால் அந்த இடத்தைப் பிள்ளை தன் கற்பனையால் நிரப்பிக்கொள்வான். சில வேளை, பிழை தன்னுடையது என்றும் நினைப்பான். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "உன்ர வயசில நாங்கள் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு வெளிக்கிட்டனாங்கள். ஒரு பாலத்தில சனநெரிசலுக்குள்ள கனநேரம் நிண்டம். அண்டைக்குக் கார் நிண்டதும் அந்தப் பயம் திரும்ப வந்திட்டுது. சிங்கத்துக்கு இல்லை. கண்ணாடியை இறக்கினது என்ர பிழை. அதுக்கு இப்ப உதவி எடுக்கிறன்." அதோடு நிறுத்துங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அவன் கேட்காத சாவுகளையும் இரத்தத்தையும் நீங்களாக எடுத்து வைக்க வேண்டாம்.

கார் ஓட்டுவதை அடியோடு விட்டுவிடாதீர்கள். விலகிப் போகப் போகப் பயம் வளரும். பழகின சின்னத் தெருக்களில் தொடங்குங்கள், நெடுந்தூரம் என்றால் கொஞ்ச நாளைக்கு மனைவி ஓட்டட்டும். திரும்ப அப்படி வந்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, மூச்சை உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுங்கள். அநேகமாகச் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும். முதல் தடவை என்றபடியால் குடும்ப வைத்தியரிடம் இதயத்தையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இங்கிலாந்தில் என்எச்எஸ் என்ற அரச மருத்துவ சேவையின் பேச்சுச் சிகிச்சைக்கு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, நீங்களே பதியலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். கெட்ட கனவு, திடுக்கிட்டு எழும்புதல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இப்படியான அதிர்ச்சி நினைவுகளுக்கு ஈஎம்டிஆர் (கண்ணை அசைத்தபடி நினைவை மீட்டுப் பார்ப்பது), அதிர்ச்சியை மையப்படுத்திய சிபிரி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்குவது) என்ற இரு சிகிச்சைகள் உண்டு. இரண்டையும், எந்தச் சிகிச்சை நல்லது என்று இங்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு பரிந்துரைக்கிறது. பெயர் சொல்லியே கேளுங்கள்.

அம்மம்மாவைப் பற்றி ஒரேயொரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். மனைவியிடம் சொல்லும்போது அம்மம்மாவின் அந்தக் கையிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
அக்கா