கேளுங்கள்... எழுதலாம் ஆங்கிலம்!

கேள்வி: லாரியின் முன்கண்ணாடி உடைந்ததைப் பற்றி எங்கள் லாரி ஆபீஸிலிருந்து இன்சூரன்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'ஃப்ரண்ட் மிரர் ப்ரோக்கன்' என்று போட்டிருந்தேன். மேனேஜர் அதை அடித்துவிட்டு 'விண்ட்ஸ்கிரீன்' என்று எழுதினார். கூகுளில் தேடினால் 'விண்ட்ஷீல்ட்' என்று வருகிறது. எதைத்தான் எழுதுவது?
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: மேனேஜர் அடித்தது நியாயம்தான். நீங்கள் கேட்டிருப்பது சின்ன விஷயம். கேட்காமல் விட்ட அந்த 'மிரர்'தான் பெரிய விஷயம்.

சின்னதை முதலில் முடித்துவிடுவோம். விண்ட்ஸ்கிரீன் பிரிட்டிஷ்காரர் வழக்கு, விண்ட்ஷீல்ட் அமெரிக்கர் வழக்கு. இரண்டும் சரி. ஒவ்வொன்றும் ஒரே வார்த்தை, நடுவில் இடம் விடக்கூடாது. நம் ஊர் சட்டம் பிரிட்டிஷ் பக்கம். 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதியைப் பாருங்கள்: விண்ட்ஸ்கிரீன் வழியாகக் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் வர வேண்டும், பக்கவாட்டு ஜன்னலுக்கு 50 சதவீதம் என்று இருக்கும். இன்ஜின் மூடியை 'பானெட்' என்று எழுதுகிறவர் விண்ட்ஸ்கிரீன் என்று எழுதினால் பொருந்தும். 'ஹூட்' என்று எழுதினால் விண்ட்ஷீல்ட். ஒரே கடிதத்தில் பாதி லண்டன், பாதி நியூயார்க் வேண்டாம், அவ்வளவுதான்.

இப்போது மிரர். க்ளைம் பிரிவில் உட்கார்ந்திருந்த காலத்தில் இந்த 'ஃப்ரண்ட் மிரர்' வாராவாரம் என் மேஜைக்கு வரும். தமிழில் முன்னாடி இருப்பதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி. அந்தப் பழக்கத்தில் கை தானாக மிரர் என்று எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தில் மிரர் என்றால் பிம்பம் காட்டுவது மட்டும்தான். கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதே, சில வண்டிகளில் 'பொருட்கள் தெரிவதைவிட அருகில் உள்ளன' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்குமே, அது மிரர். வொர்க்ஷாப்காரர்கள் 'ஃப்ரண்ட் கிளாஸ்' என்பார்கள். கடிதத்துக்கு அது கொஞ்சம் கொச்சைதான், ஆனால் தப்பர்த்தம் வராது.

இதில் காசும் இருக்கிறது. வழக்கமான பேக்கேஜ் பாலிசியில் (நம் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுப்பது) பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். கண்ணாடிப் பாகத்துக்குத் தேய்மானமே கிடையாது. சைடு மிரரின் கூடு பெரும்பாலும் பிளாஸ்டிக். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் நேரில் வந்து பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும், சரி. ஆனால் கடிதத்தில் மிரர், போட்டோவில் விண்ட்ஸ்கிரீன் என்று இருந்தால் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும், அதற்கு நீங்கள் பதில் போட வேண்டும். அதுவரை வண்டி ஷெட்டில் நிற்கும்.

அப்புறம் 'ப்ரோக்கன்'. இது பொத்தாம்பொதுவான வார்த்தை. விண்ட்ஸ்கிரீன் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. கல் பட்டால் சிலந்தி வலை மாதிரி கீறல் ஓடும், ஆனால் படலம் பிடித்துக்கொள்வதால் பெரும்பாலும் கொட்டாது. அதற்கு 'கிராக்ட்' என்று எழுதுங்கள். சின்னதாக ஒரு சில்லு மட்டும் பெயர்ந்திருந்தால் 'சிப்ட்'. கதவு ஜன்னலில் இருப்பது பொதுவாக டெம்பர்டு கிளாஸ், உடைந்தால் கல்கண்டு போலக் கொட்டிவிடும். 'ஷாட்டர்ட்' என்பது அதற்குப் பொருந்தும். கல் பட்டு முன்கண்ணாடி 'ஷாட்டர்ட்' என்று படித்தால், நானாக இருந்தால் போட்டோவை இன்னொரு முறை பார்ப்பேன்.

உங்கள் கடிதத்துக்கு ஒரு வரி போதும்: 'எ ஸ்டோன் ஹிட் தி விண்ட்ஸ்கிரீன் அண்ட் கிராக்ட் இட் ஆன் தி லெஃப்ட் சைடு.' இடது, வலது எல்லாம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கிற கணக்கு. வண்டிக்கு எதிரே நின்று போட்டோ எடுத்தவரிடம் கேட்டு எழுதினால் மாறிப்போகும்.